யாரும் படுக்காத கட்டில்

தீவுக் கடற்கரையில் இருக்கும் சீகிரேப் பே ஹோட்டலில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு விருது உண்டு. இரண்டு இரவு, துணையோடு, விருந்தாளியாகத் தங்கிக்கொள்ளலாம். அறை துடைக்கும் அயோனிக்கு ஒரு கைக்கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பியிருந்தால் விஷயம் சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் துணை என்று அவளுக்கு வாய்த்திருந்தது புருஷன் லாசல்ஸ். அவன் அந்த ஹோட்டல் வேலியைத் தாண்டி ஒரு நாளும் காலடி வைத்ததில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். ஹோட்டல் வருவதற்கு முன் அந்தக் கரையில்தான் அவன் அப்பா படகை இழுத்துப் போடுவார். கம்பெனிக்காரர்கள் கிளப்பிவிட்டதும் பாறைப்பக்கம் போனார். அங்கே பாறையில் மோதிப் படகு போயிற்று, கொஞ்ச காலத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். மகன் இன்னும் அந்தப் பாறைகளுக்கு நடுவிலிருந்துதான் மீனுக்குப் போகிறான். மனைவி வேலிக்குள் போய்க் கட்டில் விரித்துவிட்டு வருவதை அவன் தடுக்கவில்லை. நல்ல வேலைதான் என்று ஒரு வார்த்தை சொன்னதுமில்லை. அந்த ஒரு வார்த்தையை வாங்கிவிட வேண்டும் என்றுதான் அயோனி இந்த விருதைப் பிடித்துக்கொண்டாள்.

“சாப்பாடு சும்மாவா?” என்று கேட்டான் லாசல்ஸ்.

“எல்லாமே சும்மா.”

“ரம்?”

“எல்லாமேன்னு சொன்னேன்ல.”

“அப்ப வர்றேன். எங்கப்பன் கரைக்கு இத்தனை வருஷ வாடகை பாக்கி. குடிச்சே கழிச்சுடறேன்.”

வரவேற்பில் இரண்டு பேருக்கும் கையில், விருந்தாளி என்பதற்கு அடையாளமாக, மஞ்சள் பிளாஸ்டிக் பட்டியை மாட்டினார்கள். ஒருமுறை மாட்டினால் கத்தரியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். லாசல்ஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஆட்டுக்குக் காதில் போடுவது போல இருக்கிறது என்றான்.

கொடுத்தது கடலைப் பார்த்த அறை. அயோனி நூறு முறை துடைத்த அறைதான். ஆனால் விருந்தாளியாக உள்ளே நின்றபோது அவள் கண்ணுக்குக் குறைகள் மட்டுமே தெரிந்தன. ஏசி சொட்டியது. பால்கனிக் கம்பியில் துரு பூத்திருந்தது. குழாயைத் திறந்தால் முதலில் இருமல், அப்புறம் செம்மண் நிறத்தில் தண்ணீர், அதற்கும் அப்புறம்தான் நல்ல தண்ணீர். எல்லாவற்றையும் அவன் பார்த்துவிடுவானே என்று குழாயை அவசரமாக மூடினாள்.

அவன் எதையும் பார்க்கவில்லை. செருப்போடு கட்டிலில் விழுந்து, “பஞ்சா இது, மேகமா?” என்றான். மத்தியானம் ஒரே கோழியை மூன்று குழம்பில் போட்டு மூன்று பெயர் எழுதி வைத்திருந்ததை மூன்று கறியாகவே பாவித்துச் சாப்பிட்டான். கரையில் கடற்பாசி குவிந்து நாறிக்கொண்டிருந்தது. மீன்காரனுக்கு அது நாற்றமா என்ன. ரம் கலந்த பழரசக் கோப்பையைக் கையில் பிடித்தபடி கழுத்தளவு தண்ணீரில் நின்றான். வலை வீசாமல் கடலில் நிற்பது எப்படி இருக்கும் என்பது அவனுக்கு இந்த வயதில்தான் தெரிந்தது.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில், ஒன்டாரியோவிலிருந்து குளிர்காலந்தோறும் வரும் மிஸஸ் பெக்வித் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். லாசல்ஸ் அவளிடம் நேராகவே கேட்டான். “இவ்ளோ துரு பிடிச்ச இடத்துக்கு எதுக்கும்மா காசு குடுத்து வர்றீங்க?”

அப்படியானால் துருவைப் பார்த்திருக்கிறான். அயோனி தட்டைத் தள்ளி வைத்தாள்.

“வருஷா வருஷம் இது கொஞ்சம் இடியுது, நானும் கொஞ்சம் இடியறேன்” என்றாள் கிழவி. “பளபளன்னு புது ஹோட்டலுக்குப் போனா நான் மட்டுந்தான் பழசாத் தெரிவேன். இங்க பார்ல இருக்கற பையனுக்கு என் பேர் தெரியும். என் பேரனுக்கு அதுவே சந்தேகம்.”

ராத்திரி படுக்கும்போது அயோனி மெதுவாக ஆரம்பித்தாள். “நல்லாத்தானே இருக்கு?”

“இன்னும் ஒரு நாள் இருக்குல்ல. பாத்துட்டுச் சொல்றேன்.”

காலையில் அவன் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் அவள் கை சும்மா இருக்கவில்லை. விரிப்பை இழுத்து மூலைகளை மடித்துச் செருகினாள். தலையணைகளைத் தட்டி உப்பவைத்தாள். துண்டுகளை மடித்து அடுக்கி, தொட்டியைச் சொட்டு ஈரமில்லாமல் துடைத்து, துணிகளைப் பையில் போட்டுப் பையை அலமாரிக்குள் வைத்து மூடினாள். அப்புறம்தான் அவளுக்கு மூச்சு சீரானது. இரண்டு பேரும் கடலுக்குப் போனார்கள்.

மத்தியானம் திரும்பி வந்தபோது கதவுக்குச் சாவி அட்டையைக் காட்டினால் சிவப்பு விளக்கு எரிந்தது. தட்டினாள். இடுப்பில் துண்டோடு ஒரு வெள்ளைக்கார இளைஞன் திறந்தான். பின்னால் கட்டிலில் ஒரு பெண் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

வரவேற்பில் அவர்கள் பை, மறந்து விட்டுப்போன சாமான்களோடு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் டமோயா நின்றாள். அயோனியிடம் வேலை கற்றவள். முகத்தில் ஈயாடவில்லை.

“மிஸ் அயோனி, கடவுள் சத்தியமா எனக்குத் தெரியாது. ராத்திரி யாரும் படுத்த மாதிரியே இல்ல. தொட்டி காஞ்சு கிடக்கு. துண்டுல ஒரு மடிப்பு கலையல. பை ஒண்ணுதான் அலமாரில இருந்துச்சு, யாரோ விட்டுட்டுக் காலி பண்ணிட்டாங்கன்னு நெனச்சேன். படுத்த கட்டில்னா அதுல ஒரு பள்ளம் இருக்கும், பாத்துக்கன்னு நீங்கதானே சொன்னீங்க.”

விருது அறைக்கு பில் கிடையாது. பில் இல்லாத அறை கணினிக்குக் காலி அறை. டமோயாவும் காலி என்று சொல்லிவிட, அன்றைக்குக் கல்யாண கோஷ்டி வேறு வந்து இறங்க, மேலாளர் பின்னக் சந்தோஷமாகத் தூக்கிக் கொடுத்துவிட்டார். இப்போது மிச்சம் இருந்தது பின்கட்டில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் ஓர் அறைதான். அவர் மன்னிப்பை இங்கிலீஷ்காரன் மாதிரி நீட்டி முழக்கிக் கேட்டார்.

அயோனிக்கு அவமானத்தில் காது சுட்டது. இனி அந்த வார்த்தை கிடைக்கப்போவதில்லை. அவன் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடக்கப்போகிறான், வழியெல்லாம் பேசப்போகிறான், செத்தாலும் விடப்போவதில்லை.

லாசல்ஸ் பையைத் தூக்கினான். “இந்தக் கரைல எங்கப்பனை கம்பெனிக்காரன் கிளப்பினான்” என்றான் பின்னக்கைப் பார்த்து. “என்னைக் கிளப்பினது என் பொண்டாட்டி.” சொல்லிவிட்டு, வரவேற்பு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான்.

ஜெனரேட்டர் அறைக்குப் போகும் வழியில் சிரிப்பு நின்றது.

“மத்தவங்க இருந்த தடத்தைத் துடைக்கிறது உன் வேலை. சரி. நீ இருந்த தடத்தை எதுக்குடி துடைச்ச?”

அவளுக்குக் கோபம் வந்தது. அவனை முந்திக்கொண்டு நடந்தாள்.

அன்றிரவு ஜெனரேட்டர் உறுமிக்கொண்டே இருந்தது. லாசல்ஸ் அதற்கும் சேர்த்துக் குறட்டை விட்டான். அயோனி விழித்தே கிடந்தாள்.

விடிந்ததும் அவள் கை தானாக விரிப்பின் மூலைக்குப் போனது. அவன் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மூலையை விட்டுவிட்டாள். ஈரத் துண்டைத் தரையில் போட்டாள். அதைப் போடுவதற்கு ஒரு பாறாங்கல்லைத் தூக்கும் பலம் வேண்டியிருந்தது.

வரவேற்பில் அவள் கைப்பட்டியை வெட்டினார்கள். லாசல்ஸ் கையை இழுத்துக்கொண்டான்.

“இது இருக்கட்டும். பாறைப்பக்கம் பசங்க கேப்பானுங்க. அயோனியோட ஹோட்டல்ல தங்கிட்டு வர்றேன்னு சொல்லணும்ல.”

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அவன் வாசலைப் பார்த்தபடி, “அந்த ஏசியை மட்டும் பாக்கச் சொல்லு” என்றான்.

வேலி வாசலை நெருங்கும்போது பின்கட்டு மாடியிலிருந்து டமோயாவின் குரல் வந்தது. “மிஸ் அயோனி, என்ன ரூம் இது? கட்டில்ல பன்னி உருண்டாப்ல இருக்கு.”

“நாங்கதான் படுத்தோம்” என்று அயோனி திரும்பாமலே சத்தமாகச் சொன்னாள். “நல்லாத் துடை.”