ஆள் கடலில் இருக்கும்போது

பாரிஸில் ஒருகாலத்தில் சொலேன் முகம் ஒட்டாத சுவர் கிடையாது. அவள் பாட்டெழுதிப் பாடுவாள், அந்துவான் மெட்டுப் போடுவான். இருவரும் சேர்ந்து கொண்டுவந்த ஆல்பமெல்லாம் சக்கைப்போடு போட்டன. அந்துவான் வேறொருத்தியோடு போனபோது மெட்டும் அவனோடு போய்விட்டது. அப்புறம் செனகல் மேளக்காரர், பிரேசில் கிதார்க்காரர் என்று கண்டவர்களோடெல்லாம் கூட்டு வைத்துப் பார்த்தாள், ஒன்றும் தேறவில்லை. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். இவளுக்கு ஆடத் தெரியும், கூடம்தான் காலியாகிவிட்டது.

இசை நிறுவனம் கடைசியாக ஒரே ஒரு பாட்டுக் கேட்டது. வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது. அந்தப் பாட்டுக்காகத்தான் தூத்துக்குடியில், பிளாரன்ஸ் வீட்டு முன்னறையில் வந்து கிடந்தாள்.

பிளாரன்ஸ் மீன் ஏலத்துக்குப் போகிறவள். பெரிய வெள்ளியன்று கோவிலில் அவள் மாதாவின் புலம்பலை எடுத்தால் கல்லும் கரையும். அக்காள் மகள் ஷெர்லின் அதைப் போனில் பிடித்து இணையத்தில் போட்டிருந்தாள். கேட்ட சொலேன் எழுதினாள், பிளாரன்ஸும் வரச்சொன்னாள். ஆனால் சொலேன் வந்து இறங்குவதற்குள் பிளாரன்ஸின் கணவன் ரோச் மாலத்தீவுக்குச் சரக்குத் தோணி ஏறிவிட்டான்.

“அவுக கடல்ல கெடக்கும்போது வீட்டுல புலம்பல் எடுக்கக் கூடாதுளா. கரையேறட்டும், நீ போதுங்கிற வரைக்கும் பாடுதேன்,” என்றாள் பிளாரன்ஸ். ஷெர்லின் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். தோணி திரும்ப மாசக் கடைசி ஆகும் என்பதையும் சொன்னாள்.

சொலேன் கெஞ்சினாள், அழுதாள், நடக்கவில்லை. வியாழக்கிழமை காலை பிளாரன்ஸ் ஏலத்துக்குப் போனதும் சொலேனுக்குப் புத்தி இப்படிப் போயிற்று: பாடத்தானே கூடாது, பாடியதைப் போட்டால் என்ன? இணையத்தில் இருந்த பழைய புலம்பலை ஸ்பீக்கரில் சத்தமாக ஓடவிட்டு, மைக்கைத் திறந்துவைத்து, அதன்மேல் தன் பிரெஞ்சு வரிகளைப் பாடத் தொடங்கினாள். புழுக்கத்துக்கு ஜன்னல்கள் திறந்திருந்தன.

தவக்காலம் இல்லாத நாளில், ஆள் கடலுக்குப் போன வீட்டில் புலம்பல் கேட்டால் அந்தத் தெருவுக்கு ஒரே அர்த்தம்தான். பெண்கள் அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஏலத்திலிருந்து திரும்பிய பிளாரன்ஸ் தன் வீட்டு வாசலில் கூட்டத்தைக் கண்டாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கூடையைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடிவந்து படியில் விழுந்தாள்.

“நீங்க போன தெசையெல்லாம் தண்ணியாச்சே, நான் விழுந்து அழ ஒரு பிடி மண்ணு இல்லாமப் போச்சே!”

சொலேனுக்கு மேலெல்லாம் புல்லரித்தது. ஸ்பீக்கரை நிறுத்தினாள். மைக்கை நிறுத்தக் கை வரவில்லை.

செய்தி கேட்டு ஆபீஸிலிருந்து ஓடிவந்த ஷெர்லின் தோணி முதலாளிக்குப் போன் போட்டாள். அவர் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுக் கேட்டுச் சொன்னார். தோணிக்கு ஒன்றுமில்லை, ரோச் சோறு பொங்கிக்கொண்டிருக்கிறான். தெருவே அழுதுகொண்டு சிரித்தது. அந்த அமளிக்குள் சொலேன் பதிவைப் பாரிஸுக்கு அனுப்பிவிட்டாள். பாட்டு கிடைத்துவிட்டது என்ற வெறியும், என்ன காரியம் செய்தோம் என்ற பயமும் சேர்ந்து அவள் கண்ணிலிருந்து தாரைதாரையாகக் கண்ணீர் கொட்டியது.

“கூறுகெட்ட வெள்ளக்காரி!” என்று ஸ்பீக்கரைக் கண்ட பெண்கள் பாய்ந்தார்கள்.

“விடுங்களா, தெரியாமச் செஞ்சுட்டா,” என்று பிளாரன்ஸ் மறித்தாள். “எனக்காக எப்படி அழுதுட்டு நிக்கா, பாருங்க. கூடப்பொறந்தவகூட இப்படி அழ மாட்டா.”

சொலேனை உட்காரவைத்து, கணவாய் மீன் குழம்பு ஊற்றிச் சோற்றைப் பிசைந்து, தன் கையாலேயே ஊட்டினாள். அப்போது சொலேன் போனில் பாரிஸிலிருந்து பதில் வந்தது. பிரெஞ்சில் இருந்ததால் எட்டிப் பார்த்த ஷெர்லினுக்குப் புரியவில்லை. ‘இதுதான் பாட்டு. கடைசியில் கதறுகிறாளே, அந்தக் குரலை முதலிலிருந்தே வைக்கிறோம்.’

“என்னளா, நல்ல சேதியா?”

சொலேன் தலையை ஆட்டினாள்.

பிளாரன்ஸ் இடது கையால் அவள் தலையைத் தடவினாள். “மாதா உன்னக் கைவிடல. அவுக வரட்டும், உனக்காக வாயாரப் பாடுதேன்,” என்று அடுத்த கவளத்தை நீட்டினாள். சொலேன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாயைத் திறந்தாள்.