அறுபத்திரண்டாம் பக்கம்

“கத்தாதே இல்வா! கத்துறது உன் புத்தகத்துல அறுபத்திரண்டாம் பக்கம்!”

“ஈரத் துணியத் தரையில தூக்கிப் போட்டா யாரா இருந்தாலும் கத்துவாங்க, ஸ்டூரே! அதுக்குப் பக்கம் ஒண்ணும் வேணாம்!”

கீழ்த்தளச் சலவை அறையில் புருஷனும் பெண்டாட்டியும் போட்ட சத்தம் மூன்றாம் மாடி வரை கேட்டது. நடுவில் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மைபிரிட். ஸ்வீடனில் கோதன்பர்க் நகரத்தின் அந்தக் கட்டடத்துக்குக் குடியிருப்போர் சங்கத் தலைவி. துவைக்கும் நேரத்தைப் பிடித்துவைக்க வீட்டுக்கொரு பூட்டைச் சுவர்ப் பலகையில் மாட்டவேண்டும்; யார் எப்போது துவைக்கிறார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம்.

“நான் தப்பா ஒண்ணும் சொல்லல கண்ணு. பலகையில உன் பூட்டு இந்த வாரம் மூணு தடவை இடம் மாறியிருக்கு. பித்து ஏறினா துவைச்சுக்கிட்டே இருப்பேன்னு நீதானே எழுதியிருக்க? அக்கறையிலதான் ஸ்டூரேயக் கூப்பிட்டேன்.”

“துணியத் தரையில போட்டதும் அக்கறைதானா?”

“உன் நேரம் முடிஞ்சு நாலு நிமிஷம் ஆச்சே, இப்ப என் முறை.”

இல்வாவுக்கு இருபது வருஷமாக பைபோலார் நோய். மனசு ஏறினால் தூக்கம் போய்விடும், இறங்கினால் படுக்கையை விட்டு எழ முடியாது. பிறர் புரிந்துகொள்ளட்டுமே என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதிப் புத்தகமாகப் போட்டாள். புரிந்துகொண்டார்கள், கேட்பானேன்! கட்டடமே நூலகத்தில் பெயர் பதிந்து படித்தது. அன்றிலிருந்து அவள் உரக்கச் சிரித்தால் முப்பதாம் பக்கம், பேசாமல் போனால் நூற்றுப்பதினெட்டு. ஒரு சிவப்புக் கோட்டு வாங்கினதுக்கு எதிர்வீட்டுக்காரர் ஸ்டூரேயைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். ஸ்டூரேயோ அறிகுறிகளைப் பட்டியல் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டான். பால் எடுக்கப் போனாலும் தன் வாக்கியங்களே அவளை முறைத்தன.

“மூணாவது தடவை துவைச்சது உங்கம்மா வீட்டுத் திரைச்சீலை. நீதான் கார்ல கொண்டுவந்து போட்ட.”

ஸ்டூரே தலையைச் சொறிந்தான். “சரி, அது போகட்டும். ஆனா இவ்வளவு கோவம் எதுக்கு? உன் ஆஸ்பத்திரி நர்ஸுக்கு ஃபோன் போடுறேன்.”

இல்வாவுக்கு வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. கொட்டினால் மருந்தைக் கூட்டுவார்கள், கை நடுங்கும், ஒரு மாசம் மூளையில் பஞ்சடைக்கும். விழுங்கினால், நியாயமான கோபமும் நோய்தான் என்று அவளே ஒத்துக்கொண்ட மாதிரி. விழுங்கினாள்.

“போடு.”

எல்லோரும் கேட்கும்படி ஃபோனை இஸ்திரி மேசையில் வைத்தான்.

“எத்தனை மணி நேரம் தூங்கின, இல்வா?”

“ஏழரை.”

“லித்தியம் மாத்திரை?”

“தவறாமப் போடுறேன்.”

“அப்ப என்னதான் நடந்துச்சு?”

சொன்னாள். மறுமுனையில் நர்ஸ் சிரித்தாள். “என் துணியா இருந்தா நான் இன்னும் மோசமாப் பேசியிருப்பேன். இது நோயில்ல, ஸ்டூரே. கோவம்.”

மைபிரிட் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். ஒரு மன்னிப்பு வரும் என்று இல்வா புருஷன் முகத்தையே பார்த்தாள்.

ஃபோனைப் பைக்குள் போட்டவன், “இருந்தாலும் ரெண்டு நாள் பார்ப்போம்” என்றான்.

அந்த ‘இருந்தாலும்’தான் எல்லாவற்றையும் முடித்தது. அவள் துணிகளைப் பொறுக்கி மறுபடி இயந்திரத்தில் திணித்து, மைபிரிட்டின் நேரத்திலேயே பொத்தானை அழுத்திவிட்டு மாடியேறினாள்.

குளிர் தொடங்குவதற்குள் விவாகரத்து. ஸ்டூரே தன் அம்மா வீட்டோடு போய்விட்டான். மைபிரிட் மகளோடு ஸ்பெயினில். இல்வா வடக்கே உமெயோவுக்குக் குடிபோய், மூன்றாம் வருஷம் ஒரு பேருந்து ஓட்டுநரைக் கட்டிக்கொண்டாள். கல்யாணமான வாரமே இரண்டு பேருக்கும் பெரிய சண்டையாம். பக்கத்து வீட்டார் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டார்களாம், அவ்வளவுதான்.