ஆதரவுப் பத்தி

"அப்போ என் கல்யாணத்தை ரெண்டு வருஷம் தள்ளி வைக்கச் சொல்றியா?"

"நான் ஒண்ணும் சொல்லலப்பா. எங்க ஆபீஸ்ல யாரும் எதையும் சொல்ல மாட்டோம்."

அப்பாவுக்குப் பதில் சொல்லிவிட்டு, ஹலினா சிரிப்பை அடக்கிக்கொண்டு மாவைத் தேய்த்தாள். தேவாலயத்தின் கீழ்த்தளச் சமையலறையில், தவக்கால வெள்ளிக்கிழமை விருந்துக்காக அப்பாவும் மகளும் பியரோகி என்ற போலந்துக் கொழுக்கட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா காஸ், பிட்ஸ்பர்க்கில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நூலகத்தில் அச்செடுத்து வந்த தாள் அவர் முன்னால் மாவு படிந்து கிடந்தது.

அது ஹலினா எழுதியது. வாஷிங்டனில் அவள் வேலை பார்க்கும் அலுவலகம், அரசின் மருத்துவச் செலவைக் குறைத்துப் பட்ஜெட் பற்றாக்குறையைச் சுருக்கும் வழிகளை நாடாளுமன்றத்துக்கு எழுதித் தரும். ஒவ்வொரு வழிக்கும் ஆதரவாக ஒரு பத்தி, எதிராக ஒரு பத்தி. செய் என்றோ வேண்டாம் என்றோ மூச்சு விடக்கூடாது. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் சேரும் வயதை அறுபத்தைந்திலிருந்து அறுபத்தேழாக்கும் வழி அவள் பங்குக்கு வந்தது.

காஸின் காதலி ரோசலிக்கு ஜூனில் அறுபத்தைந்து. இப்போது ஏழைகளுக்கான அரசு உதவியில்தான் அவளுடைய சர்க்கரை மருந்து ஓடுகிறது. கல்யாணம் ஆனால் காஸின் பென்ஷனும் கணக்கில் சேர்ந்து, உதவி நின்றுவிடும். அதனால் மெடிகேர் அட்டை வந்த வாரமே கல்யாணம் என்று இருவரும் நாள் குறித்திருந்தார்கள்.

இது வெறும் யோசனைதான், நாளைக்கே சட்டமானாலும் மிஸஸ் டுடாவின் வயதுக்காரர்களைத் தொடாது என்று ஹலினா பொறுமையாக விளக்கினாள். ரோசலியை அவள் இன்னும் மிஸஸ் டுடா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காஸின் முகம் மலர்ந்தது. "இருந்தாலும் எதிர்ப் பத்தியில என்னையும் சேர்த்திருக்கலாம். பிட்ஸ்பர்க்ல ஒரு கிழட்டு மாப்பிள்ளை தவிச்சுப் போவான்னு."

கிறிஸ்துமஸ் அன்று அவர் இந்தக் கல்யாணத்துக்கு ஹலினாவிடம் சம்மதம் கேட்டிருந்தார். ஆதரவாகச் சொன்னால் அப்பாவுக்குத் துணை கிடைக்கும், எதிராகச் சொன்னால் மிஸஸ் டுடா வீட்டில் மூன்று பூனைகள், அப்பாவுக்கோ பூனை என்றால் தும்மல் என்று அவள் அலுவலகப் பழக்கத்தில் சொல்லி வைத்தாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு கேட்கவேயில்லை.

இப்போது கையிலிருந்த பியரோகியைக் கீழே வைத்தார்.

"ரோசலி இன்னும் கல்யாண டிரெஸ் எடுக்கல. உன் மனசு தெரியாம கடைப் பக்கமே வரமாட்டேங்கிறா." மாவுக்கையாலேயே மாடிப்படியைக் காட்டினார். "மேல ஹால்ல மேசைக்குத் துணி விரிச்சுட்டிருக்கா. போய், அந்த ஆதரவுப் பத்தியை மட்டும் சொல்லிட்டு வர்றியா, கண்ணு?"