என் பாதி வேலி, அவன் பாதி வேலி

வேலியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிச் சாய்க்க வேண்டும் என்று திட்டம் போட்டு நான் அன்றைக்கு எழுந்திருக்கவில்லை. எழுந்ததே பதினொரு மணிக்கு.

அன்று சாங்க்ட் ஹான்ஸ், நடுக்கோடைத் திருநாள். சனிக்கிழமை வேறு. சாயங்காலம் ஏரிக்கரையில் விறகுக் குவியலின் உச்சியில் வைக்கோல் சூனியக்காரியை உட்கார வைத்துத் தீ மூட்டுவோம். அதற்குள் டென்மார்க்கில் இருக்கிற வேலி எல்லாம் முடி வெட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எங்கள் தோட்டச் சங்கத்தில் நாற்பத்திரண்டு துண்டுத் தோட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி மரவீடு, ஒரு கொடிக்கம்பம், சுற்றிலும் லிகுஸ்டர் என்ற புதர்ச்செடியில் வேலி. சரியாக நான்கு மணிக்குத் தலைவர் பிரெபென் அளவுகோலோடு கிளம்புவார். வேலி ஒன்றரை மீட்டருக்குக் கீழே போகக்கூடாது, ஒன்று எண்பதுக்கு மேலே போகக்கூடாது, உச்சி மேசை மாதிரி தட்டையாக இருக்க வேண்டும். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மேல் மெஷின் சத்தம் கேட்கக்கூடாது. ஆகவே புத்தியுள்ளவர்கள் காலையிலேயே மெஷினால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு ஸ்ட்ராபெரி சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். நான் கைக்கத்தரியைத் தேடிக்கொண்டிருந்தேன். போன இரண்டு வருஷமும் சங்கம் அனுப்பிய எச்சரிக்கைக் கடிதங்கள் என் ஃபிரிட்ஜ் கதவில் பெருமையாகத் தொங்குகின்றன.

என் பெயர் விபெக்கே. ஓடென்ஸ நகரத்தில் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினேன். யாரை வேண்டுமானாலும் திட்ட என்னால் முடியும். வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லத்தான் வராது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஆஸ்கெர். மனைவியை இழந்தவன், என் வயதுதான், வேலையில் இருந்தவரை நிலம் அளந்தவன். எங்கள் இருவருக்கும் நடுவே இருக்கிற வேலியில் அவன் பக்கமும் உச்சியில் பாதி அகலமும் அவனுடையது. என் பக்கமும் மீதிப் பாதியும் என்னுடையது. வேலியில் நெஞ்சு உயரத்தில் ஓர் ஓட்டை உண்டு. மூன்று மணி ஆனால் அதன் வழியாக ஒரு காப்பிக் கோப்பை வரும். அவன் காப்பி நன்றாகப் போடுவான், நான் போட்டால் டீசல் வாசனை வருகிறது என்பான். பதினொரு வருஷமாக அவன் முகத்தைவிட அவன் கையைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். கட்டைவிரலில் ஒரு தழும்பு, நகத்தில் எப்போதும் மண்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தக் கை கோப்பையை நீட்டியபடியே சொன்னது: "ரிக்கே எஸ்பியேர்ல எனக்கு ஒரு வீடு பார்த்துட்டா. என் முட்டிக்கு நல்லதாம். லிஃப்ட் இருக்கு."

ரிக்கே அவன் மகள். எஸ்பியேர் இங்கிருந்து இரண்டு மணி நேரம். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? போகாதே என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "லிஃப்ட் இருக்கா? ரொம்ப நல்லது." பிறகு உள்ளே போய், கோபத்தில் உருளைக்கிழங்குப் பாத்தி முழுவதையும் தோண்டி எறிந்தேன். எல்லாம் பட்டாணி அளவில்தான் இருந்தது. அழுதுகொண்டே அதையும் வெண்ணெயில் வதக்கித் தின்றேன்.

அவன் போவதானால், தோட்டத்தைக் கைமாற்றும் படிவத்தைச் சுற்றிப் பார்க்க வரும் தலைவர் கையில் கொடுக்க வேண்டும். அதாவது அன்றைக்கு நான்கு மணிக்கு.

ஒரு மணிக்கு நான் ஏணியில் ஏறினேன். அந்தப் பக்கம் அவனும் ஏறினான். அவன் சட்டைப் பையில் மடித்த காகிதம் தெரிந்தது. பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு நான்கு வெட்டு வெட்டினேன்.

"விபெக்கே, உன் பாதி ஒரு சாண் இறங்கிடுச்சு" என்றான் ஆஸ்கெர்.

"உன் பாதி ஒரு சாண் ஏறியிருக்குன்னு சொல்லேன்."

"சரி, நான் இறங்கி வரேன்." சடக் சடக் என்று வெட்டினான். நிமிர்ந்து பார்த்தால் அவன் பாதி என்னுடையதைவிட ஒரு சாண் கீழே இருந்தது.

"என்னய்யா இது! இந்த லட்சணத்துலயா நீ ஊர் நிலத்தை எல்லாம் அளந்தே?"

"கண்ணாடி இல்ல. நாலு வருஷம் முன்னாடி தொலைஞ்சது, வேற வாங்கலே."

"அப்ப நூல் கட்டு!"

நூல் கட்டினான். நான் ரசமட்டத்தைக் கொண்டுவந்து வைத்தேன். நூல் சரியில்லை என்றது ரசமட்டம். ரசமட்டம் சரியில்லை என்றான் ஆஸ்கெர். வாக்குவாதத்தில் நான் என் பாதியை இன்னும் கொஞ்சம் இறக்கினேன். அவனும் ஈடு கொடுத்தான். அவன் இறக்கினால் நான் விடுவேனா? எங்கள் இருவருக்கும் ஏணி தேவைப்படாமல் போனது. தரையில் நின்றோம். வேலிக்கு மேலே முதலில் அவன் நெற்றி தெரிந்தது, அப்புறம் மூக்கு.

"வணக்கம்" என்றான் அந்த மூக்குக்குக் கீழிருந்து.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒருமுறை வந்தால் எனக்கு நிற்காது. பஸ்ஸில் ஒருமுறை சிரிப்பு வந்து மூன்று நிறுத்தம் தாண்டிப் போயிருக்கிறேன். நான் சிரிக்க, அவன் சிரிக்க, வெட்டு எல்லாம் கோணலாக விழுந்தது. கோணலைச் சரிசெய்ய இன்னும் கீழே போக வேண்டியதாயிற்று. காப்பி ஓட்டை போய்விட்டது. அது இருந்த இடத்தில் இப்போது வெறும் காற்று. பாதையில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள்.

"விபெக்கே, உனக்கு மூணாவது கடுதாசி உறுதி!" என்று யாரோ கத்தினார்கள்.

"ஃபிரிட்ஜ்ல இடம் இருக்கு, வரட்டும்!" என்றேன்.

இடுப்பு உயரத்தில் பொருள்கள் கிடைக்கத் தொடங்கின. கிளைகளுக்கு நடுவே ஒரு பழைய பந்து. ஒரு குருவி விட்டுப்போன கூடு, அதில் நான் பல வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த காப்பிக் கரண்டி. அப்புறம் ஆஸ்கெர் குனிந்து ஒரு கிளையை விலக்கி, மண் ஒட்டிய மூக்குக் கண்ணாடியை எடுத்தான். சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டான். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"அடேங்கப்பா."

"என்ன அடேங்கப்பா?"

"நீ இவ்வளவு நாளா ஒரு தலையும் ஒரு குரலுமாத்தான் இருந்தே. இப்ப முழுசா இருக்கே."

 எனக்குக் காது சூடேறியது. அதை மறைக்கக் குனிந்து இன்னும் வேகமாக வெட்டினேன். வெட்டின இலை எல்லாம் தலைமுடியிலும் சட்டைக்குள்ளும் ஒட்டிக்கொண்டது. பூக்காத லிகுஸ்டருக்கு ஒரு பச்சை வாசனை உண்டு. அது மூக்கில் ஏறி, பட்டினி வயிற்றில் மது குடித்தவள் மாதிரி எனக்குத் தலை சுற்றியது. கண்ணாடி போட்டுக்கொண்ட பிறகும் அவன் கத்தரி ஒரு சாண் தவறிக்கொண்டேதான் இருந்தது. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சிரிப்பில் எதுவும் உறைக்கவில்லை.

நான்கு மணிக்குப் பிரெபென் வந்தார். அவர் ஒல்லியாக, உயரமாக, கையில் அளவுகோலோடு இருப்பார். எங்கள் வேலிக்கு எதிரே வந்து நின்றவரின் வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது. வேலி எங்கள் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. உச்சி மட்டும் மேசை மாதிரி தட்டை.

"அம்பத்தெட்டு சென்டிமீட்டர்" என்றார் குனிந்து அளந்து. "அம்பத்தெட்டு! இதுக்குப் பேரு வேலியா? இதை ஒரு முயல்கூடத் தாண்டிடும்யா!"

"தட்டையா இருக்கா இல்லையா, அதைச் சொல்லு" என்றேன்.

"தட்டையாத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டார். பிறகு ஆஸ்கெர் பக்கம் திரும்பினார். "உன் மகள் போன் பண்ணினா. படிவம் தரணுமாமே?"

ஆஸ்கெர் சட்டைப் பைக்குள் கையை விட்டான். பாதையில் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். எல்லோர் கையிலும் எல்டர்ப்பூச் சர்பத். என் சிரிப்பு சட்டென்று நின்றுபோனது. அந்தத் தழும்புக் கட்டைவிரல் காகிதத்தோடு வெளியே வந்தது.

"அதைக் குடுக்காதே!" என்று கத்தினேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆஸ்கெரும் பார்த்தான், கண்ணாடி வழியாக.

"ஏன்?" என்றான் மெதுவாக.

"ஏன்னா… ஏன்னா என் காப்பி டீசல் மாதிரி இருக்கு" என்றேன். யாரோ சிரித்தார்கள். இதுவல்ல, இதுவல்ல என்று எனக்கே தெரிந்தது. கையில் இருந்த கத்தரியைக் கீழே போட்டேன். "அதில்லை. நீ போனா என்னால தாங்க முடியாது ஆஸ்கெர். மூணு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல. நீ எனக்கு வேணும். போதுமா? இப்ப எல்லாரும் கேட்டாச்சு, சர்பத்தைக் குடிங்க!"

யாரும் குடிக்கவில்லை. ஆஸ்கெர் முகம் முழுக்கச் சிவந்திருந்தது. ஆனால் அவன் என்ன செய்தான் தெரியுமா? நேராக நடந்து போய் அந்தப் படிவத்தைப் பிரெபென் கையில் கொடுத்தான்.  நான் அவ்வளவுதான் என்று திரும்பி வீட்டுக்குள் போகப் பார்த்தேன்.

"ஒரு நிமிஷம் இரு விபெக்கே" என்றான் அவன். "பிரெபென், பதினொண்ணாவது விதியைக் கொஞ்சம் சத்தமாப் படி."

பிரெபென் மேல்சட்டையிலிருந்து சங்கத்தின் விதிப் புத்தகத்தை எடுத்து எச்சில் தொட்டுப் புரட்டினார். "வேலியில் குறையுள்ள தோட்டம், குறை நீங்கி வேலி உரிய உயரத்துக்கு வரும்வரை, கைமாறக் கூடாது." நிறுத்தினார். வேலியைப் பார்த்தார். மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். "அப்ப இதை வாங்கிக்க முடியாதே. இது ஒண்ணரை மீட்டர் வளர எத்தனை வருஷம் ஆகும்?"

"மூணு" என்றான் ஆஸ்கெர். "நான் தண்ணி விடலேன்னா நாலு."

"இந்த விதியை எந்த மடையன்யா எழுதினான்?" என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பினார் பிரெபென். அங்கே பழைய செயலாளர் ஆஸ்கெரின் கையெழுத்து இருந்தது. அவர் அதைப் படித்துவிட்டு ஆஸ்கெரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வாழ்நாள் முழுக்க நிலம் அளந்து ஒரு சென்டிமீட்டர்கூடத் தவறாதவன் அன்றைக்கு ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு சாண் தவறியது ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"திருட்டுப் பயலே!" என்றேன்.

"மகள்கிட்ட முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரலே" என்றான். "விதியே முடியாதுன்னு சொன்னா அவ என்ன பண்ணுவா? உங்கிட்டயும் எனக்கு வாய் வரலே. நீ லிஃப்ட் நல்லதுன்னு சொல்லிட்டே."

பிறகு அவன் கதவு வரை போய்ச் சுற்றிக்கொண்டு வரவில்லை. வலிக்கும் முட்டியை இரண்டு கையாலும் தூக்கி வேலிக்கு இந்தப் பக்கம் வைத்தான். அடுத்த காலையும் வைத்தான். நான் பிடித்துக்கொண்டேன். பன்னிரண்டு பேரும் சர்பத்தை உயர்த்தி ஹுர்ரா என்று கத்தினார்கள்.

வெட்டிய கிளை எல்லாவற்றையும் ஏழு தள்ளுவண்டியில் ஏரிக்கரைக்குக் கொண்டுபோய் நெருப்பில் போட்டோம். பச்சைக் கிளை எரியுமா? புகைதான் வந்தது. பிரெபென் மேடையில் பேச்சை ஆரம்பித்து, இருமி, கண்ணைத் துடைத்து, பாதியில் இறங்கிவிட்டார். சூனியக்காரி கடைசி வரை பற்றவே இல்லை. அந்தப் புகையில் எங்களை யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில் நான் ஆஸ்கெருக்கு ஒரு முத்தம் கொடுத்தேன். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

ஜூலையில் ரிக்கே வந்தாள். வேலியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரிப்பா, வளரட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்ட்ராபெரி கேட்டாள்.

என் ஃபிரிட்ஜில் இப்போது மூன்று கடிதம். அவனுடைய ஃபிரிட்ஜில் ஒன்று, வாழ்க்கையில் முதல்முறை.

சிக்கல் என்னவென்றால், லிகுஸ்டரை ஒட்ட வெட்டினால் வெறிகொண்டு வளரும். அடுத்த ஏப்ரலில் பார்த்தேன், என் பாதி முழுக்கத் துளிர். இந்த வேகத்தில் போனால் இரண்டு வருஷத்தில் ஒன்றரை மீட்டரைத் தொட்டுவிடும் என்று எனக்குப் பயம் வந்தது. அவன் போகமாட்டான் என்று தெரியும். இருந்தாலும் பயம். விடியற்காலை ஐந்து மணிக்கு, அவன் எழுந்திருக்கும் முன்னால், செருப்புக்கூடப் போடாமல் சின்னக் கத்தரியை எடுத்துக்கொண்டு வந்து துளிர்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிந்தேன். என் பாதி முடிந்ததும் எட்டி அவன் பாதியையும் வெட்டலாம் என்று கையை நீட்டினேன்.

அங்கே வெட்ட எதுவும் இல்லை. எல்லாத் துளிரும் ஏற்கெனவே ஒரே அளவில், ஒரு சென்டிமீட்டர்கூடத் தவறாமல் வெட்டப்பட்டிருந்தது.