ஒரு மணிக்கு எத்தனை நிமிஷம்

பேரிகைப் பக்கம் கூலிக்கு ஆள் தேடிப் பாருங்கள், தெரியும். விடிவதற்குள் கம்பெனி வேன் வந்து எல்லோரையும் ஓசூருக்கு அள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் பெண்கள் நாங்களே அட்டை போட்டுக்கொண்டோம். அடுத்தவர் காட்டில் ஒரு நாள் களையெடுத்தால் ஒரு அட்டை. அதைக் கொடுத்தால் நம் காட்டுக்கு ஒரு நாள் ஆள் வரும். எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்துக்காரர்கள் தக்காளி நாற்றுக்கு அட்டை வைத்திருந்தார்கள். பெரிய பண்ணைக்காரர் பரமசிவம் டிராக்டருக்கு வைத்திருந்தார், மணிக்கு ஒன்று.

மூன்றையும் சேர்த்து ஒரே அட்டையாக்கக் கூடினோம். அதன் மதிப்பை எதில் கட்டுவது என்பதில்தான் தகராறு.

"டிராக்டர் மணியில கட்டுங்க. அதான் கெட்டி," என்றார் பரமசிவம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போன வருசம் டீசல் ஏறுனதும் உங்க மணி நாப்பது நிமிசமாச்சே, அதுவாண்ணா கெட்டி?"

என்னிடம் பன்னிரண்டு அட்டை இருந்தது, பன்னிரண்டு நாள் இடுப்பொடிந்த உழைப்பு. டிராக்டர் மணியில் கட்டி, அவர் மணியைச் சுருக்கினால் அது எட்டாகிவிடும்.

"அப்ப பொம்பளைங்க களையெடுக்கறதுல கட்டுவியா, பொற்கொடி?"

"ஆமா. எங்க நாளு டீசல் ஏறுனா சுருங்காது."

கர்நாடகத்து ஜோதியம்மா எழுந்தார். "நமகூ அதே சாக்கு," என்றார். எங்களுக்கும் அதுவே போதும் என்று.

"டிராக்டர் இல்லாம உழுது பாருங்க," என்று பரமசிவம் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

உழுதோம்! என் பன்னிரண்டு அட்டைக்குப் பன்னிரண்டு பேர் மம்பட்டியோடு வந்து என் அரை ஏக்கரையும் கொத்தினார்கள். கை கொப்புளித்தது. அழுகையும் வந்தது, மறைப்பானேன். ஆனாலும் நாற்று நட்டேன்.

அடுத்த மாதம் பரமசிவத்தின் தக்காளி பழுத்தது. கையில் நோட்டு இருந்தது, பறிக்க ஆள் இல்லை; நாங்கள் அட்டைக்குத்தான் போவோம். மூன்று நாள் பார்த்தார். நாலாம் நாள், நாங்கள் களையெடுத்துக்கொண்டிருந்த வரப்பில் வந்து நின்றார்.

"ஏம்மா, ஒரு மணி ஓட்டுனா எத்தன அட்ட குடுப்பீங்க?"

"மூணு. ஒரு மணின்னா எத்தன நிமிசம்ண்ணா?"

தலை குனிந்தபடி முணுமுணுத்தார். "அறுவது."

காட்டில் பதினாலு பெண்கள் நிமிர்ந்து நின்றார்கள்.

"எல்லாரும் கேக்கணுமில்ல, சத்தமா சொல்லுங்கண்ணா," என்றேன்.