எட்டாம் முடிச்சு

எண்பத்தேழு செப்டம்பரில், இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம். பச்சமுத்துவின் ஒன்றரை ஏக்கருக்கு மாங்கன்றுகள் வரவிருந்தன. அதற்குள் குழிகளுக்கு இடம் குறிக்க வேண்டும். வரைபடம் போட்டுத் தருபவர் கேட்ட கூலி கட்டுப்படியாகவில்லை. கடையிலிருந்த அளவு நாடாவும் எட்டாத விலை. கடைசியில் கள்ளக்குறிச்சியில் நைலான் கயிறு வாங்கி, ஐந்தடிக்கு ஒரு முடிச்சாக அறுபது அடிக்குப் போட்டுக்கொண்டான். முடிச்சு இடைவெளி மூன்று, நான்கு, ஐந்து என மூன்று பக்கமாக இழுத்துப் பிடித்தால் ஒரு மூலை செங்கோணமாக அமையும்; அதுதான் மூலைமட்டம். குழிக்குக் குறியாக அடிக்கும் முளைக்குச்சிகளைச் சீவுவதற்குக் கொடுவாளையும் சாணை பிடித்துக்கொண்டான்.

பஸ் ஓடவில்லை. கச்சிராயபாளையம் சாலையில் நடந்தான். புளியமரம் ஒன்று குறுக்கே வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்த இடத்தில் போலீஸ் வேன் நின்றது. பையைக் கொட்டச் சொன்னார்கள்.

"கயிறு, கத்தி. மரத்தை இழுத்துப் போட்டது நீதானா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இல்லீங்கய்யா. மாங்கன்னு நடறதுக்கு மூலைமட்டம் புடிக்கிற கயிறுங்க."

பிடித்துக் காட்டச் சொன்னார். அப்போதுதான், பிடித்து வைத்திருந்தவர்களிடையே பாவாடை என்பவனின் முகத்தை வேன் ஜன்னலில் பார்த்தான். பச்சமுத்துவின் ஊர்க்காரன், தன் மனைவிக்கு மாத்திரை வாங்க வந்தவன். வாயை மூடிக்கொண்டால் தன் தலை தப்பும் என்று பச்சமுத்துவுக்குத் தோன்றியது.

"இதுக்கு மூணு ஆளு வேணுங்க. எனக்குக் கயிறு புடிக்க வந்தவரு வேன்ல இருக்காருங்க" என்றான்.

இன்ஸ்பெக்டர் அவனை இறக்கிவிடச் சொல்லி வேன் பக்கம் கையசைத்தார். பாவாடை இறங்கினான். அந்தக் கயிற்றை அவன் அதுவரை கண்டதுகூட இல்லை.

பச்சமுத்து இரண்டு நுனியையும் சேர்த்துத் தரையில் அழுத்தினான். மூன்றாம் முடிச்சைக் கான்ஸ்டபிளிடம் கொடுத்தான். "எப்பவும் புடிக்கிற எட்டாம் முடிச்சுதாம்பா" என்று பாவாடையிடம் சொன்னான்.

பாவாடை முடிச்சுகளைத் தடவி எண்ணிக்கொண்டே போனான். ஏழில் நின்றான். பாவாடையின் விரல் இன்னொரு முடிச்சு நகர்ந்தது. கயிறு விறைத்தது.

இன்ஸ்பெக்டர் குனிந்து தன் நோட்டைப் பச்சமுத்து அழுத்தியிருந்த மூலையில் வைத்துப் பார்த்தார். இரண்டு ஓரமும் கயிற்றோடு ஒட்டி நின்றன.

"கத்தி இங்க இருக்கட்டும். ரெண்டு பேரும் போங்க."

அணை வாய்க்கால் வரை இருவரும் வேகமாக நடந்தார்கள். அங்கே பாவாடை உட்கார்ந்து, மடியிலிருந்த மாத்திரைப் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "தப்பா புடிச்சிருந்தா இன்னாண்ணா பண்ணியிருப்ப?" என்றான்.

பச்சமுத்து பையிலிருந்து கயிற்றை எடுத்து, எட்டாம் முடிச்சு வரை எண்ணி அவன் கையில் கொடுத்தான்.