பூனையின் எடை

மருந்துக் கம்பெனியின் சோதனைக் கூடத்தில் பதினெட்டு வருஷமாக மெஜஸ்ட்ரோல் அசிடேட் மாத்திரைகளைச் சோதிக்கிறவள் நான். பெண் ஹார்மோனைப் பார்த்துச் செயற்கையாகச் செய்த சரக்கு. மெஜஸ்ட்ரோலோடு அசிடேட்டையும் சேர்த்தால்தான் அது மாத்திரையாகும். புற்றுநோய்க்காரர்களுக்குப் பசி கிளம்பவும் கொடுப்பார்கள். அந்த நோயும் மாத்திரையும் என் வீட்டுக்கே வரும் என்று நான் நினைக்கவில்லை.

"பொம்பளைங்க ஹார்மோனா? நாளைக்கே உன் கம்மலைக் கேப்பேன், பாத்துக்க," என்றார் என் வீட்டுக்காரர்.

மாதக் கடைசியில் எடை நாற்பத்தைந்து கிலோவுக்குக் கீழே இருந்தால் அடுத்த சுற்று சிகிச்சை கிடையாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். இவர் நாற்பத்தாறில் இருந்தார்.

எதையும் எடை போட்டால்தான் எனக்கு நம்பிக்கை. சாப்பாட்டுத் தட்டைத் தராசில் வைத்து, சாப்பிடும் முன் இவ்வளவு, பின் இவ்வளவு என்று நோட்டில் எழுதினேன். வேளைக்குக் கால் கிலோ உள்ளே போனது. பூரித்துப்போனேன். ஆனால் பத்தே நாளில் மனுஷர் அரைக் கிலோ இறங்கிவிட்டார்.

நோட்டு பொய் சொல்லாது, அப்படியானால் மாத்திரைதான் மோசம். இரண்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்ச் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை.

வீட்டுக்கு வந்தால், எங்கள் பூனை சோபாவில் ஏற முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. தூக்கித் தராசில் வைத்தேன். முன்பு போட்ட எடையைவிட ஒரு கிலோ கூடியிருந்தது.

"என்னங்க இது?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். "தட்டை எடை போட்டுட்டு நீ சிரிப்ப. அதைப் பாக்கணும்போல இருந்துச்சு. என்னால முழுங்க முடியல. அதான்..."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதற்குள் அழுகை முந்திக்கொண்டது. "முடியலன்னா முடியலன்னு சொல்லித் தொலைங்க. அதுக்கும் சிரிக்கிறேன்."

தராசை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அன்றிலிருந்து இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். இரண்டு வாயோடு போதும் என்றால் விட்டுவிடுவேன். மாத்திரையை மட்டும் விடவில்லை.

மூன்றாவது வாரம், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே ஒரே சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். முட்டையும் ரொட்டியும் இருந்த தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, இவர் பூனையை முறைத்துக்கொண்டிருந்தார்.

"போ அந்தப் பக்கம்! இது என்னுது!"

பூனைக்கு ஒன்றுமே புரியவில்லை. இவர் வாய் நிறைய மென்றுகொண்டே என்னைப் பார்த்தார்.

"இன்னும் முட்டை இருக்கா?"

அடுப்பைப் பற்றவைத்தேன். எத்தனை முட்டை உடைத்தேன் என்று எண்ணவே இல்லை.